நூறு வீட்டுக் கேள்வித்தாளா, குளத்தங்கரைப் பேட்டியா?

சுற்றுச்சூழல் புராஜெக்ட் என்று வந்துவிட்டால் "ஊர்ல நாலு பேர்ட்ட பேட்டி எடுத்துட்டு வாங்க" என்று வாத்தியார் சொல்லிவிடுவார். பிள்ளைகள் உடனே இருபது கேள்வியை டைப் அடித்து நூறு ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள். பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். நூறு தாளிலும் 'ஆம், ஆம், இல்லை' என்று டிக் விழுந்திருக்கும். வட்ட வரைபடம் ஒன்று போட்டு, 'பெரும்பாலான மக்கள் நீர்நிலைகள் மாசடைந்திருப்பதாகக் கருதுகின்றனர்' என்று முடிவுரை எழுதப்படும். குளத்துக்குத் தண்ணீர் எந்தக் கால்வாயில் வருகிறது, எந்த மடை (வயலுக்குத் தண்ணீர் விடும் வாய்) தூர்ந்து கிடக்கிறது, மறுகால் (குளம் நிரம்பி வழியும் தண்ணீர்) கடைசியாக எப்போது பாய்ந்தது என்று யாராவது கேட்டால் அந்த நூறு தாளையும் புரட்டினாலும் பதில் கிடைக்காது.

பேட்டிக்கு வேறு வழிகளும் உண்டு. ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். அவரோடு குளத்தங்கரையில் நடந்துகொண்டே பேசலாம். டீக்கடை பெஞ்சில் பத்துப் பேரோடு கூட்டமாகப் பேசலாம். ஆபிசில் போய்க் கேட்கலாம். எல்லா வழியும் எல்லா வேலைக்கும் ஆகாது. ஐந்து பேர் கொண்ட குழு, ஆறு வாரம், வீட்டிலிருந்து வாங்கிய இரண்டு செல்போன், பெரும்பாலும் சனி ஞாயிறுதான் நேரம் என்று வைத்துக்கொண்டு இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் பொருளைச் சுருக்குங்கள்

'சுற்றுச்சூழல்' என்ற சொல்லை எடுத்ததுமே பெரியவர்கள் டி.வி.யில் கேட்ட பேச்சுக்குப் போய்விடுவார்கள். "எல்லாம் கெட்டுப்போச்சு, அந்தக் காலம் வருமா" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எழுத அதில் ஒன்றும் இல்லை. 'தாமிரபரணி' என்று எடுத்தாலும் பெரிதுதான். பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலுக்குப் போகிற வரைக்கும் நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஆற்றை ஐந்து பிள்ளைகள் ஆறு வாரத்தில் கட்டிப்பிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரே ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் குளம் இல்லாத ஊர் அபூர்வம்.

அது எந்த வகைக் குளம் என்று முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கேள்வியே அதைப் பொறுத்துத்தான் மாறும். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் போன்றவை வழிநெடுகக் குளங்களை நிரப்பிக்கொண்டு போகின்றன. டவுன் நயினார்குளம் நெல்லைக் கால்வாய்க் குளம். இப்படிப்பட்ட குளத்தில் தண்ணீர் எப்போது திறந்தார்கள், கடைமடை வரைக்கும் வந்ததா, கார் சாகுபடிக்குக் கிடைத்ததா, அடுத்த நெல் பருவமான பிசானத்துக்கு மட்டும்தானா என்பவை முக்கியம். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளத்தில் மழைதான் எல்லாம். அங்கே ஓடை எங்கே அடைபட்டது, எந்த வருஷம் நிரம்பியது என்று கேட்க வேண்டும். கூந்தன்குளத்துக்குப் பக்கத்துப் பள்ளி என்றால் பறவைகள் தனிப் பாடம். 1994-ல் சரணாலயமான, பிறகு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தக் குளத்தில், தீபாவளிக்கு வெடி போடாமல் பறவைகளைக் காத்துவரும் ஊர்க்காரர்களே எந்த நிபுணரையும்விட நன்றாகப் பேட்டி கொடுப்பார்கள்.

கேள்வித்தாள் எதற்கு ஆகும்

ஒரு வீட்டில் வணக்கம் சொல்லி, விளக்கி, இருபது கேள்வி கேட்டு வெளியே வரக் குறைந்தது பத்து நிமிஷம் ஆகும். நூறு வீட்டுக்கு ஆயிரம் நிமிஷம், அதாவது பதினாறு மணி நேரத்துக்கு மேல். நடக்கும் நேரமும் ஆள் இல்லாத வீட்டுக்குத் திரும்பப் போகும் நேரமும் தனி. இதனால்தான் மூன்றாவது வாரம் பிள்ளைகள் களைத்துப்போய் மீதித் தாள்களைச் சொந்தக்காரர் வீடுகளில் கொடுத்து நிரப்பி வாங்கிவிடுகிறார்கள். அந்த நிமிஷமே கணக்கு கெட்டுவிட்டது.

கேள்வித்தாளைத் தள்ளிவிட வேண்டியதில்லை, சிறிதாக்கினால் போதும். இருபது வீடு, ஐந்து கேள்வி. தெரிந்த வீடாகப் பார்த்துப் போகாமல் தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிப் போங்கள். அந்த வீடு பூட்டியிருந்தால் மாலையில் ஒரு தடவை வந்து பாருங்கள். அப்போதும் ஆள் இல்லாவிட்டால்தான் அடுத்த வீடு. கேள்விகள் எண்ணக்கூடியவையாக இருக்க வேண்டும். இந்த வாரம் குளத்தில் எத்தனை நாள் குளித்தார்கள்? குடிக்க ஊராட்சிக் குழாய்த் தண்ணீரா, கேன் தண்ணீரா? ஆடு மாடு குளத்தில் தண்ணீர் குடிக்கிறதா? வீட்டுக் குப்பையை எங்கே போடுகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வாயால் வரும் பதிலை நம்பாதீர்கள். "வண்டி வருதுல்லா, அதுல போடுவோம்" என்பார்கள். "எங்கன வச்சிருக்கீக, பாக்கட்டுமா?" என்று கேட்டு, கண்ணால் பார்த்து எழுதுங்கள். இருபது வீட்டுக் கணக்கைச் சதவீதமாக்கவும் வேண்டாம். '65 சதவீதம்' என்பதைவிட '20 வீட்டில் 13' என்பதே நேர்மையான எழுத்து. இரண்டு இரண்டு பேராகப் பிரிந்தால் ஒரே காலையில் வேலை முடிந்துவிடும்.

எத்தனை, எவ்வளவு என்பதைக் கேள்வித்தாள் சொல்லும். ஏன், எப்போதிலிருந்து என்பதை அதனால் சொல்ல முடியாது.

திண்ணைப் பேட்டி

ஒருவரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினால் வாழ்க்கையோடு சேர்ந்து குளமும் வரும். வயசான ஆச்சிகளிடமும் நடக்க முடியாதவர்களிடமும் இதைத் தவிர வேறு வழியில்லை. பீடி சுற்றும் பெண்களிடம் பேச மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல நேரம். கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும், வாய் தாராளமாகப் பேசும். சாயங்காலம் போனால் கடைக்குப் பீடி கொண்டுபோகும் அவசரத்தில் இருப்பார்கள். அவர்கள் வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கத்தரி சத்தம் பதிவில் விழுந்தால் விழட்டும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. முதலாவது, ஆச்சியிடம் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் மகன் பதில் சொல்லுவான். அவனை விரட்ட முடியாது. குழுவில் ஒருவர் அவனிடம் தனியாக ஒரு வேலை கேட்கலாம்: "அண்ணே, குளத்துக்குப் போற பாதைய இந்த நோட்டுல வரைஞ்சு தாரீகளா?" இரண்டாவது, உட்கார்ந்த இடத்தில் நினைவு பொதுவாகவே வரும். "முன்னால நிறைய மீன் இருந்துச்சு" என்பார்கள். எவ்வளவு நிறைய, என்ன மீன் என்று திண்ணையில் பிடிப்பது கஷ்டம்.

கரையில் நடந்துகொண்டே பேசுவது

புராஜெக்ட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது, இதற்கு நேரம் கொடுங்கள். மனிதருக்கு ஞாபகம் இடத்தோடு ஒட்டியிருக்கிறது. திண்ணையில் வாய் திறக்காதவரும் மடைக்குப் பக்கத்தில் போய் நின்றால் தானாகப் பேசத் தொடங்குவார். கை நீட்டிக் காட்டுவார். காட்டின இடத்தை அளக்கலாம். இது வேறு எந்த முறையிலும் கிடைக்காது.

தண்ணீர் வரும் வழியிலேயே நடங்கள். கால்வாய் குளத்தில் விழும் இடத்தில் தொடங்கி, கரை வழியாக ஒவ்வொரு மடையிலும் நின்று, கடைசியாக மறுகால் வழியும் கலுங்குக்கு வாருங்கள். எதிர்த்திசையில் போனால் கதை பின்னோக்கி ஓடும், எழுதும்போது குழம்பும். ஐந்து இடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். ஒரு இடத்துக்குப் பதினைந்து நிமிஷம் என்றாலே ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும், வயசானவர்களுக்கு அதற்கு மேல் முடியாது. கையில் நோட்டு, பென்சில், அளவு டேப், ஆறடிக் கம்பு ஒன்று, அவருக்கும் சேர்த்துத் தண்ணீர். பேனாவைவிடப் பென்சில் நல்லது. வியர்வையிலும் தூறலிலும் எழுத்து கலையாது. கரைக்குப் பெரியவர் ஒருவராவது கூட வரட்டும். தண்ணீர் கிடக்கும் நாளில் மடைப்பக்கம் யாரும் குளத்துக்குள் இறங்கக்கூடாது. சகதி ஆளை இழுக்கும் இடம் அதுதான்.

பேச்சு எப்படிப் போகும், அதை எப்படி அளவாக மாற்றுவது என்பதற்கு ஒரு மாதிரி. மடைத்தூண் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

"இந்த மடையில மண்ணு சேந்திருக்கா தாத்தா?"

"சேந்திருக்கான்னா கேக்க? நான் சின்னப் பிள்ளையில இந்தக் கல்லு ஆள் உயரம் நிக்கும். ஏறணும்னா ஒருத்தன் குனியணும், அவன் முதுகுல கால் வச்சுத்தான் ஏறுவோம். இப்ப பாரு, முழங்காலுக்கு நிக்கி."

பெரும்பாலான குழுக்கள் 'மடையில் மண் படிந்துள்ளது' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். போகாதீர்கள். கல் இப்போது எவ்வளவு தெரிகிறது என்று டேப்பில் அளந்துகொள்ளுங்கள். 48 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். "ஆள் உயரம்னா யாரு உயரம் தாத்தா? அப்ப இருந்த உங்க உயரமா, உங்க அப்பா உயரமா?" என்று கேளுங்கள். பத்து வயசுப் பையனின் உயரமும் பெரியவரின் உயரமும் ஒன்றில்லை. "அப்பா உயரம்" என்றால் 155 முதல் 165 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். கழித்தால் 107 முதல் 117 செ.மீ. மண், சுமாராக மூன்றரை அடியிலிருந்து நாலடிக்குக் கொஞ்சம் குறைய. இது ஒருவர் ஞாபகத்தை வைத்துப் போட்ட மதிப்பு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதே மடையில் இன்னொரு பெரியவரைத் தனியாகக் கூட்டிவந்து கேட்டு, அவர் சொல்வதும் கிட்டத்தட்ட அதே அளவில் வந்தால் புராஜெக்ட்டில் அதைவிடக் கனமான வரி வேறு இருக்காது.

'ஆள் உயரம்', 'கழுத்தளவு', 'ஒரு கோட்டை விதைப்பாடு', 'ரெண்டு மரக்கால்' என்று சொன்னால் அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு, அங்கேயே "அது எத்தனை அடி, எத்தனை சென்ட் வரும்?" என்று கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து கூகுளில் தேடினால் வேறு ஊர்க் கணக்குத்தான் வரும்.

வருஷம் பிடிப்பது இன்னொரு வேலை. "எந்த வருஷம்?" என்றால் யாருக்கும் சட்டென்று வராது. ஊரறிந்த நிகழ்ச்சிகளை நோட்டின் முதல் பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 1987 டிசம்பர் எம்.ஜி.ஆர். மறைவு, 1991 ராஜீவ் காந்தி கொலை, 1992 நவம்பர் வெள்ளம், 2004 சுனாமி, 2016 செல்லாத நோட்டு, 2018 தாமிரபரணி புஷ்கரம், 2020 கொரோனா, 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். "சுனாமிக்கு முந்தியா பிந்தியா?" என்றால் டக்கென்று பதில் வரும். பிறகு "மூத்த மக கல்யாணத்துக்கு முன்னாலயா?" என்று இன்னும் நெருக்கலாம். மாசம் தெரிய வேண்டுமென்றால் கோயில் கொடை (திருவிழா) கை கொடுக்கும். "அம்மன் கொடை முடிஞ்சு மறுவாரம்" என்று சொன்னால் மாசமே கிடைத்துவிட்டது. (கொடை நடக்கிற வாரத்தில் மட்டும் பேட்டிக்குப் போகாதீர்கள். யாருக்கும் நேரம் இருக்காது.)

நடைப் பேட்டிக்கு ஒரே ஒரு பெரிய எதிரி காற்று. ஆனி, ஆடியில் நம் பக்கம் காற்று அடிக்கும் அடிக்குக் கரையில் எடுத்த பதிவில் 'புர்ர்' என்ற சத்தம்தான் மிஞ்சும். காலை எட்டு மணிக்குள் போனால் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும். எப்படியும் அந்த மாசங்களில் நோட்டையே நம்புங்கள், பதிவைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரோடு நடப்பது? ஒருவரோடு முடித்துவிடாதீர்கள். தலைமடைக்காரர் சொல்லும் குளம் வேறு, கடைமடைக்காரர் சொல்லும் குளம் வேறு. "தண்ணிக்கு என்ன குறை, எப்பவும் வரும்" என்று ஒருவர் சொல்லும் அதே வருஷத்தில் இன்னொருவர் பயிர் கருகியிருக்கும். மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகை எடுத்தவருக்குக் குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், வயல்காரருக்கு மடை திறக்க வேண்டும். ஆட்டுக்கிடை போடும் கீதாரிக்குக் குளம் வற்றிய பிறகுதான் வேலையே. கோரை அறுப்பவருக்கும் துணி துவைப்பவருக்கும் படித்துறைப் பக்கம் மட்டும்தான் குளம். இந்த நாலைந்து பேரில் மூன்று பேரையாவது பிடியுங்கள். எல்லோரும் ஒரே தெருவிலிருந்து வரவும் கூடாது. குளம் ஊருக்கே பொதுவாக இருந்தாலும் எல்லாத் தெருக்காரர்களுக்கும் அதில் ஒரே உரிமை இருந்ததில்லை. ஒரு தெருவில் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

டீக்கடைக் கூட்டம்

முதல் வாரத்தில் அரை மணி நேரம் இதற்குக் கொடுத்தால் போதும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குளத்தைப் படமாகப் போட்டு, "மடை எங்கன இருக்கு?" என்று கேட்டால் நாலு பேர் கட்டியைப் பிடுங்கித் தாங்களே வரைவார்கள். மடைகளின் பெயர், ஓடைகளின் பெயர் எல்லாம் வாக்குவாதத்திலேயே சரியாகிவிடும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், மத்தியான ஓய்வில், பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு பெண்களிடமும் இதே போலச் செய்யலாம். அங்கே வரும் படமும் டீக்கடைப் படமும் வேறாக இருக்கும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் பதிவு போடாதீர்கள். பத்துக் குரலைப் பிரித்து எழுத முடியாது. சத்தமாகப் பேசுபவரின் கருத்து எல்லோருடைய கருத்தாகிவிடும். ஆக்கிரமிப்புப் பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். குளத்தை யார் ஆக்கிரமித்தது என்று பெயர் சொல்லும் பதிவு பிள்ளைகளின் போனில் இருக்கக்கூடாது. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அது ஆபத்து. குளத்தின் பரப்பு பழைய பதிவில் எவ்வளவு, இப்போது நடந்து பார்த்தால் எவ்வளவு என்று எழுதினாலே போதும், படிப்பவருக்குப் புரியும்.

ஆபிசர் பேட்டி

ஆபிசரிடம் கருத்துக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அவரிடம் இருப்பது பதிவேடு, அதைக் கேளுங்கள். குளத்தின் பரப்பு, மடைகளின் எண்ணிக்கை, ஆயக்கட்டு (குளத்துத் தண்ணீர் பாயும் வயல்) எத்தனை ஏக்கர், கடைசியாகத் தூர் வாரியது எப்போது, மீன்பாசி ஏலம் எந்த மாசம். கிராமத்துக்கு வி.ஏ.ஓ., குளத்துக்கு நீர்வளத் துறைப் பொறியாளர் அல்லது ஊராட்சி, சரணாலயம் என்றால் வனச்சரகர். நீர்வளத் துறையை ஊர்க்காரர்கள் இன்னும் பி.டபிள்யூ.டி. என்றே சொல்வார்கள், குழம்ப வேண்டாம். தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் போட்ட கடிதத்தைப் பத்து நாள் முன்னால் கொடுங்கள். திங்கட்கிழமை கேட்காதீர்கள். கலெக்டர் ஆபிசில் மனு வாங்கும் நாள் என்பதால் பல பேர் இடத்தில் இருக்கமாட்டார்கள். போவதற்கு முன்னால் குளத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, அரசு இணையச் சேவையில் 'அ' பதிவேட்டை (நிலத்தின் வகையும் பரப்பும் இருக்கும் பதிவேடு) பார்த்துக்கொள்ளுங்கள். கையில் எண்ணோடு வரும் பிள்ளைகளிடம் எந்த ஆபிசரும் வேறு மாதிரிதான் பேசுவார்.

நேரில் கிடைக்காவிட்டால் இரண்டு வழி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆசிரியரோ பெற்றோரோ 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆறு வார புராஜெக்ட் என்றால் முதல் வாரத்திலேயே போட்டால்தான் கைக்கு வரும். இன்னொன்று கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், குளத்தைப் பற்றிக் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

போனில் பேட்டி எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விட்டுப்போன ஒரு வருஷத்தையோ பெயரையோ கேட்டுச் சரிபார்க்க ஆகும், முதல் பேட்டிக்கு ஆகாது.

ஐந்து பேர், ஆறு வாரம் என்றால் எங்கள் பரிந்துரை இது. முதல் வாரம் டீக்கடைப் படம், ஆபிஸ் கடிதம். இரண்டு, மூன்று, நான்காவது வாரங்களில் நடைப் பேட்டி மூன்று, திண்ணைப் பேட்டி இரண்டு. இருபது வீட்டுக் கணக்கை நான்காவது வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டியில் வந்த சங்கதியைப் பார்த்த பிறகு கேள்வி போட்டால்தான் அது குளத்துக்குப் பொருந்தும். கடைசி இரண்டு வாரம் எழுத மட்டும். கையில் இரண்டே வாரம்தான் என்றால் கேள்வித்தாளை விடுங்கள், ஆபிசை விடுங்கள். நடைப் பேட்டி இரண்டை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள்.

நோட்டா, குரல்பதிவா, வீடியோவா

வீடியோ ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வரும். கேமராவைப் பார்த்ததும் தாத்தா துண்டைச் சரி பண்ணிக்கொண்டு மேடைப் பேச்சுக்கு மாறிவிடுவார் என்பது முதல் நஷ்டம். இரண்டாவது நஷ்டம், போனில் பிடிக்கும் இடம். 1080 தரத்தில் ஒரு நிமிஷ வீடியோ நூறு எம்.பி.க்கு மேல் போகும், முக்கால் மணி நேரம் என்றால் நாலைந்து ஜி.பி. வீட்டுப் போனில் அவ்வளவு இடம் இருக்காது, பாதியில் நின்றுவிடும். குரல்பதிவு நிமிஷத்துக்கு ஒரு எம்.பி. அளவுதான். பேச்சுக்குக் குரல்பதிவு, அவர் கை நீட்டிக் காட்டிய இடத்துக்கு ஒரு போட்டோ, போதும். போட்டோவில் அளவுக் கம்பும் தெரிய வேண்டும்.

பதிவு தொடங்கும் முன்னால் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு சத்தமில்லாமல் நின்றுபோகும், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அரை நிமிஷம் பேசிப் பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் தொடங்குங்கள். பெரும்பாலான போன்களில் மைக் கீழ்ப்பக்க விளிம்பில் இருக்கிறது. திண்ணையில் மடித்த துண்டின் மேல், அந்த விளிம்பு பேசுபவரைப் பார்க்கும்படி, ஒன்றரை அடி தூரத்தில் வையுங்கள். வெறும் பலகையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடி போல விழும். நடக்கும்போது அவர் சட்டைப் பையில் போனைத் தலைகீழாக, மைக் மேலே வரும்படி வைக்கலாம். பழைய வயர் இயர்போன் இருந்தால் இன்னும் நல்லது. அதன் மைக்கைச் சட்டைக் காலரில் ஊக்குக் குத்தி, மேலே மெல்லிய கைக்குட்டைத் துணி ஒரு சுற்றுச் சுற்றினால் காற்றும் குறையும்.

பதிவு இருக்கிறதே என்று நோட்டை மூடிவிடக்கூடாது. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு முழுதாக எழுதப் பழகாத கைக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஐந்து பேட்டிக்கு அது தாங்காது. பேசும்போதே ஒருவர் நேரத்தோடு குறிப்பு எழுதட்டும்: '12-வது நிமிஷம், கல் உயரம்', '31, மறுகால், சுனாமிக்கு முந்தி'. பிறகு அந்த இடங்களை மட்டும் ஓட்டிக் கேட்டு வார்த்தைக்கு வார்த்தை எழுதினால் போதும். குரலை எழுத்தாக்கும் செயலிகளை இதற்கு நம்பாதீர்கள், 'நிக்கி', 'பாஞ்சிருச்சி', 'அங்கன' எல்லாம் அதற்குப் பிடிபடாது. நீங்களும் திருத்தாதீர்கள். 'மறுகால் பாஞ்சது' என்று அவர் சொன்னதை 'உபரி நீர் வெளியேற்றப்பட்டது' என்று எழுதினால் தண்ணீர் தானாகப் பாய்ந்தது போய், யாரோ திறந்துவிட்டது போல ஆகிவிடும்.

கேட்கும் முறை

பேட்டிக்கு மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள்: கேட்பவர், எழுதுபவர், பதிவையும் அளவையும் பார்ப்பவர். ஐந்து பேரும் போய் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். கேள்வித்தாளைக் கையில் பிடித்து வாசிக்கவும் வேண்டாம், பத்துக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு போங்கள். தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"அண்ணாச்சி, நாங்க பக்கத்து ஸ்கூல்ல ஒம்பதாப்பு படிக்கோம். நம்ம குளத்தப் பத்தி ஒரு புராஜெக்ட் செய்யுதோம். நீங்க சொல்லுதத போன்ல பதிஞ்சுக்கிடலாமா? வேண்டாம்னா நோட்டுல மட்டும் எழுதிக்கிடுதோம். உங்க பேரு போடவா, போடாம இருக்கவா?"

இந்த ஐந்து வாக்கியத்தையும் எந்தப் பேட்டியிலும் விட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வற்புறுத்தாதீர்கள்.

கருத்தைக் கேட்காமல், அவர் கையால் செய்ததைக் கேளுங்கள். 'நெகிழியால் நீர்நிலை மாசடைவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்பது பரீட்சைக் கேள்வி. "இந்தப் படித்துறையில கடைசியா எப்பக் குளிச்சீக? ஏன் விட்டீக?" என்றால் அரிப்பு எடுத்ததும், சாக்கடை வந்து விழத் தொடங்கிய வருஷமும், அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மூடியதும் ஒன்றன் பின் ஒன்றாக வரும். "குளத்துல மீன் பிடிச்ச அன்னைக்கு என்னென்ன மீன் கிடைச்சது?" என்றால் விரால், கெளுத்தி, அயிரை என்று அடுக்குவார். "இப்ப?" என்றால் ஜிலேபிக் கெண்டை என்பார். அந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். 'முன்னால தண்ணி நல்லாத்தான இருந்துச்சு?' என்று பதிலையே கேள்வியாகக் கேட்காதீர்கள். பெரியவர்கள் பிள்ளைகளின் மனசு நோகக்கூடாது என்று "ஆமா" சொல்லிவிடுவார்கள்.

அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பாதிப் பேர் ஆறு, ஏழு எண்ணும்போதே மறுபடி தொடங்குவார்கள். அப்போது வருவதுதான் பெரும்பாலும் நல்ல சங்கதி.

இரண்டு பேர் சொல்வது முட்டினால் ஒன்றை அடித்துவிட வேண்டாம். 'மேல மடைக்காரர் இப்படிச் சொல்கிறார், கடைமடைக்காரர் இப்படிச் சொல்கிறார்' என்று இரண்டையும் எழுதி, அவரவர் வயல் எந்த மடைக்குக் கீழே என்பதைப் படத்தில் குறியுங்கள். முட்டல் ஏன் வந்தது என்பது பல சமயம் படத்திலேயே தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் ஒரு சனிக்கிழமை போய்ப் பேட்டி கொடுத்தவரிடம் அவர் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும். "இது நான் சொல்லலியே" என்று ஒன்றை எடுக்கச் சொல்வார், எடுத்துவிடுங்கள். "அந்த மடைக்குப் பேரு அது இல்ல" என்று இன்னொன்றைத் திருத்துவார். அதற்காகத்தான் குளத்தின் படத்தைக் கடைசி வரைக்கும் பென்சிலிலேயே வைத்திருக்க வேண்டும்.